பெரியக்கா எழுந்தால்

சொல்லிச் சொல்லி மேனேஜருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காலர் ஒருத்தி, கை ஒருத்தி, பட்டன் ஒருத்தி என்று சட்டை கைமாறிப் போகும் பழைய வரிசை இனிமேல் கிடையாது. ஆளுக்கொரு மேஜை, முழுச் சட்டையும் ஒருத்தியே தைக்க வேண்டும். அப்போதுதான் தப்பு யாருடையது என்று தெரியுமாம். மனிதர் சுவரில் படம் ஒட்டினார், மேஜைக்கு எண் போட்டார், விசில்கூட ஊதிப் பார்த்தார். தையல் ஹாலில் ஒரு நாற்காலி நகரவில்லை. எல்லாரும் ஓரக்கண்ணால் பார்த்தது பெரியக்காவைத்தான்.

பெரியக்காவுக்குப் பதவி என்று ஒரு துரும்பும் கிடையாது. அவளும் மெஷினில் உட்காருகிறவள்தான். ஆனால் மூத்தவர்களுக்கும் அவள் பெரியக்கா. யார் கேட்டார்கள் இந்த வம்பை என்று அவளுக்கே அலுத்துப்போகும்.

மேனேஜர் வேறு யாருமில்லை, தங்கை புருஷன். சாப்பாட்டு நேரத்தில் துணிக்கிடங்கில் அவளை மடக்கினார்.

"அக்கா, இன்னிக்குள்ள இது நடக்கலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க தங்கச்சி வேற மாசமா இருக்கா. நான் கத்தினா யாரு கேக்கறா? நீங்க போய் உக்காந்தா போதும்."

"இல்ல மாப்பிள்ளை, வந்து..."

காரணத்தைச் சொன்னால் அவர் மாப்பிள்ளையாகக் கேட்க மாட்டார், மேனேஜராகத்தான் கேட்பார். காலர் தைக்கும் அவள் தோழிக்குப் பார்வை மங்கி வெகுநாளாகிறது. அவள் கோணலாகத் தைத்ததை அடுத்தவள் பிரிப்பாள், அதற்கடுத்தவள் நேராகத் தைப்பாள். வரிசையே மூச்சுவிடாமல் அவளைக் காப்பாற்றி வந்தது. தனி மேஜையில் ஒரே நாளில் மாட்டிக்கொள்வாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது.

இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் தோழி. வேலையை விட்டே ஓடிவிடலாம் என்றால், அதற்கும் பின்னாலேயே நாலு பேர் கிளம்பி வருவார்கள்.

மணி அடித்தது. பெரியக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் புது மேஜையில் போய் உட்கார்ந்தாள். உடனே ஹால் முழுக்க நாற்காலிகள் இழுபட்டன. மேனேஜர் சந்தோஷத்தில் கைதட்டினார்.

முதல் ஆளாக வந்தது தோழிதான். மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலைல இருந்து பயந்துக்கிட்டே இருந்தேன் பெரியக்கா. நீ எழுந்ததும்தான் உயிர் வந்துச்சு. எனக்குக் கெடுதல்னா நீ எழுந்திருப்பியா?"