குவோ சாரின் பல்

என் சிரிப்பு கொஞ்சம் சத்தமானது. கொஞ்சம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியின் புதுச்சேலையில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் ஓடிப்போய் நான் சிரித்தது முன்னறை வரை கேட்டுவிட்டது. அதற்குப் பிறகும் கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம். "ஏங்கண்ணு ரம்ஷா, நீ சிரிச்சா மூணாவது ஊடு வரைக்கும் கேக்குது" என்று மாமி சொல்லாத நாள் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் சொன்னார்கள், வீட்டில் அத்தா சொன்னார், எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: சிரிக்காதே.

அப்பேர்ப்பட்ட என்மேல், சிரிக்கவில்லை என்று ஒரு புகார் வந்தது.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே தேங்காய் பன் வேகிற வாசனை மேலே வந்து பாடாய்ப் படுத்தும். என் வேலை ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தருவது. மாணவர்கள் தைவான்காரர்கள், பேசுவது சீன மொழி. நூல் மில்களுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். கோயமுத்தூர் மில்காரர்களிடம் சரக்கு விற்க அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. அவர்களுடைய மேனேஜர் குவோவும் வகுப்பில் உட்காருவார். அவர் திருப்தி என்று சொன்னால் என் வேலை நிரந்தரம். "நெரந்தரம்னா போய்ட்டு வா. இல்லாட்டி ஊட்டோட இருந்துக்கோ" என்று மாமி முடிவாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஷாநவாஸ் அம்மா பேச்சைத் தட்டுகிற ஆள் இல்லை. எனக்கோ வீட்டோடு இருப்பதை நினைத்தாலே மூச்சு முட்டும்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. என் வாயில் எந்த மொழி வந்தாலும் கூடவே ஒரு 'ங்க'வும் வந்துவிடும். எஸ்ங்க, ஓகேங்க, வெரி குட்டுங்க. ஆங்கிலத்தில் மரியாதை இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தைவானிலிருந்து கோரஸாக "குட்மார்னிங்ங்க" என்று கேட்டபோது எனக்குத் திருத்த மனசு வரவில்லை.

அப்புறம்தான் சிரிப்புப் பாடம் வந்தது. ஆங்கிலத்தில் சிரிப்புக்கு என்னென்ன வார்த்தை இருக்கிறதோ அத்தனையையும் நான் சிரித்தே காட்டினேன். கிகிள் என்றால் சின்னப் பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரிப்பது. சக்கிள் என்றால் பேப்பர் படித்துக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொள்வது. ஸ்னிக்கர் என்றால் நமட்டுச் சிரிப்பு. விலா வெடிக்கச் சிரிப்பது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள் என்றேன். எங்கள் ஊரில் வயிறு வெடிக்கும் என்றாள் ஷூஃபென். எங்கள் ஊரில் வயிறு புண்ணாகும் என்றேன் நான். மூன்று ஊருக்கும் வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் போதும் என்று எல்லாரும் சிரித்தோம்.

ஷூஃபென் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள். என் வயதுதான் இருக்கும். பேசினாலும் சிரித்தாலும் கையால் வாயை மூடிக்கொள்வாள். அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். அடுத்தவரைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தால் அவர்கள் மொழியில் அதற்குப் பெயர், தன் பல் உதிரச் சிரிப்பதாம்.

அவளுக்கு 'ரோலர்' என்ற வார்த்தை வராது. அந்தக் கம்பெனி செய்வதே ரோலர். நாக்கு எங்கேயோ மடங்கி வேறு எதுவாகவோ வெளியே வரும். பழகினால் சரியாகிவிடும். ஆனால் குவோவுக்கு அதுதான் பொழுதுபோக்கு. "இன்னொரு தடவை சொல்லு" என்பார். அவள் சொல்வாள். அவர் சிரிப்பார். மற்றவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். கடைசியில் அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த அசட்டுச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மறுநாள் எங்கள் மேனேஜர் மதன்குமார் கூப்பிட்டார். ஜோக் அடிப்பதில் அவருக்கு ஆசை அதிகம். அவர் அடித்து முடிக்கும் முன்னாலேயே ஆபீஸ் சிரித்தாக வேண்டும். பக்கத்து சீட்டு ஷ்ரவ்யா அதில் எப்போதும் முந்திக்கொள்வாள்.

"ஏனுங்க ரம்ஷா, குவோ சார் வருத்தப்பட்டாருங்க. டீச்சர் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறாங்களாமா."

"அந்தப் பொண்ணை வெச்சு விளையாடறாருங்க. அதுல சிரிக்க என்னங்க இருக்குது?"

"கஸ்டமர் சிரிச்சா நாமளும் சிரிக்கோணும். அவ்வளவுதானுங்க. நாளைக்கு நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

இத்தனை வருஷம் சிரிக்காதே என்றார்கள். இப்போது சிரி என்கிறார்கள். என் வாய்க்கு என்னைத் தவிர எல்லாரும் சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

மறுநாள் மதன்குமார் கேமராவில் படாமல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாடம் பாதியில் இருந்தபோது குவோ ஆரம்பித்தார். "ஷூஃபென், அந்த வார்த்தையைச் சொல். டீச்சருக்குக் கேட்க ஆசையாம்." நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். குவோ சிரித்தார். மற்றவர்களும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மதன்குமார் இரண்டு விரலால் தன் உதட்டை இழுத்துக் காட்டினார், சிரிங்க, சிரிங்க என்று.

மாமியும் வீட்டின் நான்கு சுவரும் கண்முன்னால் வந்து போயின. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சார், எனக்குப் புரியலைங்க. இதுல எது சிரிப்பு? ஆங்கிலத்துல விளக்கிச் சொல்லுங்க, நல்ல பயிற்சி."

குவோ தொடங்கினார். "அவள் ரோலர் என்று சொல்வதற்குப் பதில்..." நிறுத்தினார். "அதாவது, அவளுக்கு அந்த எழுத்து..." மறுபடியும் நிறுத்தினார். விளக்கப் போனால் அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு எழுத்து வரவில்லை, அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஷூஃபென் வாயிலிருந்து கையை எடுத்தாள். முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன்.

"மிஸ்டர் குவோ தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக நிதானமாக. "இன்னும் ஒரு பல்கூட உதிரவில்லை. நான் தரம் பார்க்கிறவள், நான் சொல்கிறேன். நல்ல தரமான பற்கள்ங்க."

நான் சிரித்தேன். மூணாவது வீட்டுச் சிரிப்பு. மேசையில் தலை முட்ட, கண்ணில் தண்ணீர் வர, உண்மையிலேயே வயிறு புண்ணாகச் சிரித்தேன். நிமிர்ந்தபோது திரையில் குவோவின் கட்டம் இருண்டு கிடந்தது. மற்ற கட்டங்களில் இருந்தவர்கள் இந்தத் தடவை யார் முகத்தையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஷூஃபென் கை மேசைமேல்தான் இருந்தது.

"என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க!" மதன்குமார் கத்தியதில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "இப்பவே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க."

"எதுக்குங்க? அன்னைக்குச் சிரிக்காததுக்குங்களா, இன்னைக்குச் சிரிச்சதுக்குங்களா?"

"ரெண்டுக்கும்."

"முடியாதுங்க."

எங்கள் பக்கத்தில் முடியாது என்பதையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வோம்.

அவர் முகம் சிவந்தது. பிறகு ஒரு மாதிரி இளித்தார். ஜோக் வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. "சரி, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. ஊட்டுல குக்கருக்கு விசில் அடிக்கச் சொல்லிக்குடுங்க. அதாச்சும் பாஸாகுதான்னு பாக்கலாம்."

சொல்லிவிட்டு சுற்றிலும் பார்த்தார். ஷ்ரவ்யா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே பேக்கரியில் யாரோ டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"இதையும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க சார்" என்றேன்.

ஷ்ரவ்யாதான் முந்திக்கொண்டாள். அது வழக்கமாக அவரிடம் சிரிக்கிற சிரிப்பே இல்லை. மாடிப்படி இறங்கும்போதும் கேட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று பயமாகத்தான் இருந்தது. பேக்கரிக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.