தளர்ந்த வயிறு

வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி லைனில் அனிட்டாவுக்கு ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை. மதியத்துக்கு மேல் குனிந்தால் நிமிர முடியாது. தைலம் தேய்த்தாள், மாத்திரை போட்டாள், பெல்ட்டும் கட்டிப் பார்த்தாள். இடுப்பு வலி எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் கணவன் ரெக்ஸ்தான் பாகலூரிலிருந்து பைக்கில் உட்காரவைத்து ஓசூருக்கு, பிசியோதெரபி கிளினிக்குக்கு அழைத்து வந்தான்.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பிரியா அவளைவிட இளையவள். முதுகை அழுத்திப் பார்த்தாள். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புள் பக்கம் விரலால் தொட்டாள்.

"முதுகுல கோளாறு இல்லக்கா. முதுகுத் தசை பின்னால இழுக்கும், வயித்துத் தசை முன்னால இழுக்கும். ரெண்டும் எதிரெதிரா இழுத்துப் புடிக்கிறதாலதான் இடுப்பு நிக்குது. உங்களுக்குப் பிரசவத்துல வயிறு தளர்ந்துபோச்சு. முதுகு மட்டும் தனியா கெடந்து தாங்குது. குழந்தைக்கு என்ன வயசாகுது?"

அனிட்டா தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இல்லீங்க மேடம்," என்றான் ரெக்ஸ். "போன வருசம் நெறமாசத்துல... பொறக்கறப்பவே உசுரு இல்ல."

பிரியாவின் முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சிருங்கக்கா. இன்னொரு நாள் பாத்துக்கலாமா?"

"பரவால்ல. என்ன செய்யணும், சொல்லுங்க."

"வயித்து மேல கைய வைங்க. மூச்ச விட்டுக்கிட்டே மெதுவா உள்ள இழுங்க."

குழந்தை போன நாளிலிருந்து அனிட்டா தன் வயிற்றைத் தொட்டதே இல்லை. குளிக்கும்போதுகூடத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது கையை வைத்தாள். மூச்சை விட்டு இழுத்தாள். உள்ளங்கைக்கடியில் ஏதோ அசைந்து இறுகியது.

"ஏங்க, அசையுதுங்க," என்றாள்.

சொன்ன மறுகணமே அது தன் சதைதான் என்று புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி, உடம்பு குலுங்க அழுதாள். ரெக்ஸ் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பும் வழியில் அவன் தோளைத் தொட்டாள். "புள்ளய எங்க வெச்சீங்க? எனக்குக் காட்டுங்க."

இத்தனை நாளும் அவள் கேட்டதில்லை. அவனும் சொல்லத் துணிந்ததில்லை. கல்லறைத் தோட்டத்தின் பின்சுவர் ஓரம் கூட்டிப்போனான். மழையில் மண் அமிழ்ந்து தரையோடு தரையாகக் கிடந்தது. ரெக்ஸ் நட்ட சிறு மரச்சிலுவை மட்டும் சாய்ந்து நின்றது. அதை நிமிர்த்தக் குனிந்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவனும் உட்கார்ந்தான்.

"யார் மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"உன்ன மாதிரிதான்," என்றான் ரெக்ஸ். சாய்ந்திருந்த சிலுவையை நிமிர்த்தி, அடியில் மண்ணை அணைத்தான்.