விருந்தினர் பொத்தான்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. பெருந்தொற்று ஆண்டில் தொழில்முறைக் கூடைப்பந்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள் என்று சொன்ன ஒரு கட்டுரையின் நடுவே, மாடிப்படியில் கால் இடறியவரைப் போல ஒரு கோடு சரிந்து கிடந்தது. அதன் கீழே காரணங்கள். ஆட்டங்கள் கோடையைத் தாண்டி இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டன. மக்கள் கேபிள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தார்கள். வீரர்களை ஃபுளோரிடாவில் ஒரே வளாகத்துக்குள் தங்கவைத்து, ஆளில்லாத அரங்கில் ஆடவிட்டு, கூட்டத்தின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அப்புறம் அரசியல், அலுப்பு. எல்லாம் சரியான காரணங்களே. ஆனால் விமரிசனம் பயின்றவனுக்குச் சரியான காரணங்களைக் கண்டால் லேசாகச் சந்தேகம் வருவது தொழில் வியாதி. அந்தக் கோட்டிலிருந்து கீழே விழுந்தவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று பார்த்தேன்.

சேனாபதி என்று கூப்பிட்டேன். ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"நியூ ஜெர்சி, பிளெய்ன்ஸ்பரோவின் வானம் அன்று சாம்பல் நிறத்தில்..." (வானத்தில் தொடங்கும் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரையில் கடுமையாக எழுதியிருக்கிறேன். வேண்டாம்.)

"பார்க்கப்படுவதால்தான் ஆட்டம் ஆட்டமாகிறது எனில், பார்வையாளன் என்பவன்..." (இது கருத்தரங்கத்துக்கு. சேனாபதி கருத்தரங்கங்களுக்குப் போகிறவர் அல்லர்.)

"சேனாபதி வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே சிறிய கருப்புப் பெட்டி ஒன்று இருந்தது."

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நிறுவனம் ஒன்று, கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து பொறுக்கியெடுத்தவற்றில் சேனாபதியின் தரைத்தள அபார்ட்மென்டும் ஒன்று. பெட்டியில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். டிவி முன் உட்கார்ந்தால் அமுக்கவேண்டும். எழுந்தால் மறுபடி அமுக்கவேண்டும். முக்கால் மணிக்கொரு தரம், யார் இருக்கிறீர்கள் என்று கேட்பதுபோல விளக்குகள் மின்னும். பதில் வரும்வரை ஓயாது. கடைசியில் விருந்தினருக்கென்று ஒரு பொத்தான். அதை அமுக்கி, வந்தவர் ஆணா பெண்ணா, வயது என்ன என்று சொல்லவேண்டும்.

மற்ற வீடுகள் இதை எப்படி நடத்தினவோ தெரியாது. இந்த வீட்டில் அது ஒரு நோன்பு.

"கடுகு வெடிக்கறதுக்குள்ள வந்துருவனுங்க, அதுக்கு ஒரு அமுக்கா?" என்பார் மனைவி வசந்தாமணி.

"அந்நேரம் பாத்து விளம்பரம் ஓடுது. நீ பாக்கலைன்னு அவிங்களுக்குத் தெரியோணுமில்ல?"

3

சேனாபதி கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஒரு மருந்து நிறுவனத்தில், புதிய மருந்தைச் சோதிக்கும் நோயாளிகள் எழுதித்தரும் தகவல்களைச் சரிபார்ப்பது வேலை. எத்தனை மணிக்கு மாத்திரை விழுங்கினேன், வலி எவ்வளவு என்று நாள்தோறும் நிரப்பவேண்டிய குறிப்பேட்டைச் சிலர் பதினான்கு நாளும் மறந்துவிட்டு, மருத்துவமனையின் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, பதினான்கு நாளும் ஒரே அளவு வலி. முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். "வலின்னா ஏறி எறங்கோணும்ங்க. ஒரே மாதிரி இருந்தா அது வலி இல்லீங்க, பொய்யி."

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு, ஆட்டமுள்ள மாலைகளில் எல்லாம், எதிர்க் கட்டடத்திலிருந்து சுந்தரராமன் வருவார். சென்னைக்காரர். முதுகுவலிக்கென்று தன் சொந்தத் திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சோபாவின் இடக்கோடியில் சாய்வார். முதல் நாள் சேனாபதி தயங்கித் தயங்கி, "சார், உங்களுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டதற்கு, "என்ன ஓய், ஜாதகப் பொருத்தம் பாக்கப் போறீரா?" என்றவர் அவர். விஷயம் தெரிந்தபின், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு ஜூன் மாதமும் பிறந்தநாளன்று போன் வரும். கடைசியாக வந்தது: "பெட்டிக்குச் சொல்லிட்டீரா? எனக்கு அம்பத்துமூணு ஆயாச்சு."

இருவரும் ஒருநாள்கூடக் கூடைப்பந்தைக் கையால் தொட்டவர்கள் அல்லர். நியூ ஜெர்சியை விட்டு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த அணியை விடாமல் ஆதரித்தார்கள். "சொல்லாம கொள்ளாம ஊரை விட்டுப் போனவா" என்று சுந்தரராமன் திட்டிக்கொண்டே ஆதரித்தார்.*

* அந்த அணி போதுமான அளவு சொல்லிக்கொண்டுதான் போனது. சுந்தரராமனிடம் நேரில் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

4

மார்ச்சில் ஆட்டங்கள் நின்றன. ஏப்ரலில் புத்தாண்டன்று சுந்தரராமன் ஒரு டப்பா நிறையப் போளி கொண்டுவந்தார். வீட்டின் பின்புறக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பேட்டியோ என்ற சிறு திறந்த தளத்தில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றார். சேனாபதி கையுறையும் முகக்கவசமுமாக வெளியே வந்து, கிருமிநாசினியை எடுத்து, டப்பாவின் நான்கு பக்கமும் மேலும் கீழும் அடித்தார். அவர் போகட்டும் என்று காத்திருக்கத் தோன்றவில்லை.

"ஓய், போளிக்கும் சேத்து அடிச்சிடாதீர்" என்று சிரித்தார் சுந்தரராமன். பாதிச் சிரிப்புதான். மீதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுந்தரராமனின் மனைவி ஷ்யாமளா மருத்துவர். அந்த மாதம் முழுக்கத் தொற்று நோயாளிகளின் வார்டில் இருந்தவர். அதை நினைத்து நினைத்து, சேனாபதி போளியைக் குப்பையில் போட்டார். அன்று மாலை ஷ்யாமளாவிடமிருந்து வாட்ஸப்: "போளி எப்படி இருந்தது?"

வாழ்நாளெல்லாம் பிறர் பொய்யைப் பிடித்த மனிதர், மகளையும் சாட்சிக்கு இழுத்துப் பதில் எழுதினார்: "ரொம்ப ருசியா இருந்துச்சுங்க. வான்மதி நாலு சாப்பிட்டா."

ஐந்து நிமிடம் கழித்து வந்தது: "அப்படியா! ரெண்டு ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பண்ணினேன். பூரணத்துல வெல்லமே போடலைன்னு எங்காத்துல இப்பதான் கண்டுபிடிச்சோம்."

அதற்குப் பிறகு எதிர்க் கட்டடத்திலிருந்து போனும் இல்லை, திண்டும் இல்லை. ஜூன் வந்தது, பெட்டிக்கு யாரும் வயது சொல்லவில்லை.

5

(ஷ்யாமளாவை மருத்துவராக்கியது என் வசதிக்குத்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் பிரதியில் அவர் பள்ளி ஆசிரியை, போளி தித்தித்தது, கதை இரண்டாம் பக்கத்தில் செத்துவிட்டது. வெல்லத்தை மறக்குமளவு களைத்த ஒருவர் தேவைப்பட்டார். அந்த வசந்தத்தில் அப்படிக் களைத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.)

6

கோடையின் நடுவில் ஆட்டங்கள் திரும்பின. சேனாபதி உட்கார்ந்து பார்த்தார். காலி அரங்கில் காலணிகள் கிறீச்சிட்டன. யாரும் உட்காராத இருக்கைகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. அவருக்கு அது ஒரே பேனாவில் எழுதிய கைதட்டலாகக் கேட்டது. இடக்கோடியில் நடுவரைத் தமிழில் ஏச ஆளில்லை. பாதியில் எழுந்தார், முறைப்படி பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தார். அடுத்த வாரம் உட்காரவேயில்லை. அவர்களுடைய அணியும் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிவிட்டது.

அப்புறம்தான், நான் முதலில் சொன்ன அந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டது.

"நம்ம வீட்டை வெச்சு எத்தனையோ ஆயிரம் பேத்தைக் கணக்குப் போடறாங்க. நான் எந்திரிச்சன், அத்தனை பேரும் எந்திரிச்சுட்டாங்க" என்றார், முகம் வெளிறி.

கல்லூரி வகுப்பை லேப்டாப்பில் கேட்டுக்கொண்டிருந்த மகள் வான்மதி மைக்கை அணைத்தாள். "அப்பா, யூ டிட் நாட் கில் பாஸ்கெட்பால். ப்ளீஸ்."

"நீங்க எந்திரிச்சது அந்த அண்ணன் வராததுக்கு" என்றார் வசந்தாமணி. "அதை அந்தப் பெட்டிக்கு எப்படிச் சொல்றதுன்னு பாருங்க."

7

அக்டோபரில் ஒரு ஞாயிறு. இறுதிச் சுற்று, முன்னிலையில் இருந்த அணி அன்று வென்றால் கோப்பை. அன்று காலை வசந்தாமணி குடியிருப்பின் வாட்ஸப் குழுவிலிருந்து செய்தி கொண்டுவந்தார்.

"ஷ்யாமளாக்காவுக்கு டெக்ஸாஸ்ல வேலையாமா. ரவுண்ட் ராக்குன்னு ஒரு ஊரு. நாளைக்குக் காலைல ட்ரக் வருது. டீம் ஊரை விட்டுப் போச்சுன்னு எட்டு வருசமாத் திட்டுனாரு, இப்ப அவரே சொல்லாமப் போறாருங்க."

மாலை இருட்டியதும் சேனாபதி டிவியைப் போட்டார். தன் பொத்தானை அமுக்கினார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார்: எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சுந்தரராமன் வீட்டு ஜன்னலில் திரைச்சீலைகள் இல்லை, அவற்றைக் கட்டிவைத்துவிட்டார்கள். வெறும் சுவரில் ஒரு தொலைக்காட்சியின் ஒளி அசைந்தது. இங்கே விளம்பரம் வந்து அறை சிவந்தது. அரை நிமிடம் கழித்து அங்கே சுவர் சிவந்தது.

"அங்கிள் கேபிள் கட் பண்ணிட்டார் போல. ஸ்ட்ரீமிங்ல டிலே இருக்கும்" என்றாள் வான்மதி.

ஆக, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார், இதே ஆட்டத்தை, அரை நிமிடம் பின்னால். இங்கே பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றி வெளியே விழுந்தபோது, சேனாபதி திரையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். இன்னும் அரை நிமிடத்தில் அந்த அறையில் ஒருவர் "அடப் பாவி!" என்று கத்துவார், அதற்கு "விடுங்க சார்" என்று சொல்ல அங்கே ஆளில்லை.

கை விருந்தினர் பொத்தானை நோக்கிப் போயிற்று. ஆள் பார்க்கிறார், பொய்யில்லை. ஆனால் இந்த அறையில் பார்க்கவில்லை, உண்மையுமில்லை. கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு, அவரை நன்கு அறிந்ததாக நினைத்திருந்த நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். டிவி ஸ்டாண்டைப் பிடித்துக் கண்ணாடிக் கதவு பக்கம் திருப்பினார். பேட்டியோவில் ஒரு மடக்கு நாற்காலியை, ஆறடி அளந்து போட்டார். கதவைத் திறந்துவைத்தார். போனை எடுத்து, பார்க்கிங்கில் உட்கார்ந்து நிரப்புகிற அவசரமில்லாமல், எழுத்தெழுத்தாக அடித்தார்:

"சார், அன்னைக்குப் போளியை நாங்க சாப்பிடலீங்க. பயந்துட்டுக் குப்பைல போட்டுட்டேன். பொய் சொன்னேன். வெளியில சேர் போட்டிருக்கேன். ரெண்டாவது பாதி பாக்கி இருக்குது."

"வெளிய உக்காந்து பாத்தா பெட்டிக் கணக்குல வருமாங்க?" என்றார் வசந்தாமணி.

"தெரியல. ரூல்ல அறைன்னுதான் போட்டிருக்குது."

"கதவு தொறந்திருக்குதில்ல? அப்ப இதுவும் அறைதான். வரட்டும், அமுக்கிக்கலாம்."

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

சுந்தரராமன் வருகிறார், இருவரும் கட்டித்தழுவி... (ஆறடி! அந்த ஆண்டு கதைமாந்தர்களும் சட்டத்துக்கு உட்பட்டவர்களே.)

சுந்தரராமன் வரவில்லை. சில மாதம் கழித்து ரவுண்ட் ராக்கிலிருந்து வீடியோவில்... (உண்மைக்கு அருகில் இருக்கலாம். ஆனால் ஆட்டம் முடியுமுன் கூட்டத்தைக் கலைப்பது எனக்கு வராது.)

போளிக்குப் பதிலாக சேனாபதி வெல்லம்... (எழுதும்போதே வெட்கமாக இருந்தது.)

9

ஆகவே, நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். இடைவேளை முடியப் போகிறது. வாட்ஸப்பில் நீலக் குறிகள் இரண்டும் விழுந்துவிட்டன, பதில் இல்லை. எதிர் ஜன்னல் சட்டென்று இருண்டுவிட்டது. மனமுடைந்து அணைத்துவிட்டுப் படுக்கப் போனவரின் ஜன்னலும் இருளும்; கீழே இறங்கி வரப் புறப்பட்டவரின் ஜன்னலும் இருளும். கட்டடங்களுக்கு நடுவே, நடைபாதையில், அசைவைக் கண்டால் எரியும் விளக்கு இப்போது எரிகிறது. புல் மேய வரும் மான்களுக்கும் அது எரியும்.

பெட்டி மின்னத் தொடங்கியது. சேனாபதி குனிந்து தன் பொத்தானை அமுக்கினார். வசந்தாமணியும் வான்மதியும் தங்களுடையவற்றை அமுக்கினார்கள். பிறகு அவர் விரல் விருந்தினர் பொத்தானுக்குப் போயிற்று. ஆண். வயது, ஐம்பத்து மூன்று என்று போட்டார். நிறுத்தினார். ஜூன் கடந்துவிட்டது. அழித்துவிட்டு ஐம்பத்து நான்கு என்று போட்டார். இன்னும் ஓர் அமுக்கு அமுக்கினால் பதிவாகிவிடும்.

"அப்பா, டோன்ட் வெயிட். இட் வில் டைம் அவுட்."

"இரு கண்ணு. ஆளு வரட்டும்."

அந்தக் கடைசி அமுக்கை நான் அமுக்கினால், கார் பார்க்கிங்கில் குறிப்பேட்டை நிரப்பியவன் ஆகிவிடுவேன். சேனாபதி என் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். இவ்வளவு நேரம் இந்த அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். விளக்கு வெளிச்சத்தில் வருவது மானா, கக்கத்தில் திண்டு இடுக்கிய மனிதரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெட்டி இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது. நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு அமுக்குங்கள்.