பதினாறு வீடுகளின் கையிருப்பு

1

செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபது. ஆம்பூரில் ஒரு வங்கி. பாஸ்புக்கோடு வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண்ணுக்கு வீட்டுக் கடன் கிடையாது என்றார்கள். இந்தக் கதை அங்கே திருடியது. அவள் பெயர் தெரியாது. கலையரசி என்று வைத்தேன். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையும் நான் கொடுத்ததுதான்.

"உங்க சம்பளம் ஓகே, பத்திரம் ஓகே," என்றார் மேலாளர். "ஆனா அந்த அபார்ட்மென்ட் சங்கத்துக் கணக்குல நூத்திப் பதினோரு ரூபாதான் இருக்கு. நாளைக்கு லிஃப்ட் நின்னா, டேங்க் ஒழுகினா யாரு பாப்பாங்க? வீட்டு மதிப்பு எறங்கிடும்மா. அத நம்பி எப்படிக் கடன் தர்றது?"

2

கலையரசிக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்தது, ஏனென்றால் அதன் ஜன்னல்

(இல்லை. ஜன்னல் எல்லாக் கதையிலும் இருக்கிறது.)

பதினோரு வருடமாக அவள் இருப்பது வரிசை வீட்டில். ஐந்து குடும்பத்துக்கு ஒரு குளியலறை. அவள் முறை காலை ஆறு மணி. ஆறே காலுக்குக் கதவைத் தட்டிவிடுவார்கள். விலைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போனவள், குளியலறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். யாரும் தட்டவில்லை. வெளியே வந்து, வீட்டை விற்கும் அம்மாவிடம், "எனக்குப் புடிச்சிருக்கு ஆன்ட்டி," என்றாள். மற்ற அறைகளைப் பார்க்கவே இல்லை.

3

சங்கத்தின் கணக்கில் இருந்திருக்க வேண்டிய நான்கு லட்சம் எங்கே போயிற்று? முதல் வரைவில் சங்கச் செயலாளர் ஷபீ அஹமதைத் திருடனாக்கினேன். எழுதச் சுலபம். அடித்துவிட்டேன்.

"வட்டி வேணாம்னு டெபாசிட் போடல. சும்மா கெடந்துச்சு," என்று கலையரசியிடம் சொன்னார் அவர். "அஜீஸுன்னிசா வீட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேஷன். பதினாறு வீடும் சரின்னுச்சு, குடுத்துட்டோம். பேப்பர் இல்ல."

"திருப்பிக் கேக்கலையா பாய்?"

"அவரு பொழைக்கல. மவுத் ஆன வீட்ல போய் எவன் கேப்பான்? நீ கேப்பியா?"

வீட்டை விற்பவரே அஜீஸுன்னிசாதான். விற்றால்தான் கடனை அடைப்பார். அடைத்தால்தான் வீடு விற்கும்.*

* இதை இதைவிட எளிதாக எழுத வரவில்லை.

4

முடிவு ஒன்று, ஷபீ பாயின் யோசனை. பதினாறு வீட்டாரும் ஒரு வாரத்துக்குப் பணம் போட்டுக் கணக்கில் காட்டுவது, கலையரசிக்குக் கடன் வந்ததும் எடுத்துக்கொள்வது. லிஃப்ட் நிற்கும் நாளில் கணக்கில் பணம் இருக்காது, அவளும் உள்ளே இருப்பாள். வேண்டாம்.

முடிவு இரண்டு. அவள் வேறு வீடு பார்க்கிறாள். எழுதியும் முடித்தேன். அந்த வீட்டுக்கு அவள் வரவில்லை.

மூன்றாவதைத் தொடங்கத்தான் முடிந்தது. முடிப்பது உங்கள் பாடு.

ஞாயிறு காலை. கலையரசி சேர்த்துவைத்தது ஆறு லட்சம். அதில் நான்குக்குச் செக் எழுதி அஜீஸுன்னிசா முன்னால் வைத்தாள்.

"அட்வான்ஸா வெச்சுக்குங்க ஆன்ட்டி. சங்கத்துல கட்டிடுங்க. அந்தக் கணக்க எடுத்துக்கினு மறுபடி பேங்குக்குப் போறேன்."

அஜீஸுன்னிசா செக்கைத் தொடவில்லை.

"சங்கத்துக்குப் போய்ட்டா என்னால திருப்பித் தர முடியாதும்மா. அப்பவும் பேங்க்ல மாட்டேன்னா இன்னா பண்ணுவ?"