தாமதத்துக்குக் காரணம்

"டீ பாத்திரத்தைப் பிடிக்கக்கூடத் தெம்பில்ல, இதுல ஊரார் வீட்டுப் பொணத்தைத் தூக்கப் போயாச்சு!"

மாமியார் கத்தியபோது மருமகள் சமையலறைத் தரையில் கிடந்தாள். பாத்திரம் நழுவியது. பிடிக்கக் குனிந்தாள். கால்கள் துணிபோல மடங்கிவிட்டன. கொதித்த டீ அத்தனையும் முழங்காலில். அவள் அலறவில்லை. அலறாததுதான் அவளையே பயமுறுத்தியது.

"அத்தை, சுடவே இல்ல," என்றாள்.

அவள் துறைமுகத்தில் முக்குளித்து வேலை செய்யும் டைவர். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டும் வேலை, பன்னிரண்டு வருடமாக. அன்று காலை அவளைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு. மூடிக்கிடந்த கல்குவாரியில், நூற்று முப்பது அடித் தண்ணீரில், ஒரு பெரிய வீட்டு மருமகள் விழுந்து செத்திருந்தாள். தீயணைப்புப் படையின் டைவர்கள் இரண்டு பேர் உடை மாட்டிக் கரையில் தயாராக நின்றார்கள். செத்தவளின் மாமனார் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணு மேல அந்நிய ஆம்பளை கை படக்கூடாது. ஒரு பொம்பளையக் கூப்பிடுங்க."

தீயணைப்பு அதிகாரியும் அது நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். மூன்று பேர் ஆளுக்கு ஒரு முறை இறங்க வேண்டிய ஆழத்தில் அவள் ஒருத்தியே தேடித்தேடி மூன்று முறை இறங்கினாள். இரண்டு ஆண்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆழத்தில் மூச்சாக இழுக்கும் காற்று உடம்பில் கரைந்து தங்கும். மேலே வரும்போது வழியில் நின்று நின்று, அது மூச்சோடு வெளியேறக் காத்திருந்துதான் வர வேண்டும். அவசரப்பட்டால், மூடி திறந்த சோடாவைப் போல ரத்தத்திலேயே குமிழி கிளம்பிவிடும். மூன்றாம் முறை அவள் பிணத்தைக் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டுப் பாதி வழியில் நின்றாள். மேலே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. மேலே மிதந்த பிணத்தைப் போர்த்திக் கரைக்கு எடுத்துவர அவள் உடனே வந்தாக வேண்டுமாம். "கூட்டம் சேருது, இழுங்கப்பா!" அவளுடைய கயிற்றைப் பிடித்திருந்தவரைத் தள்ளிவிட்டு, செத்தவளின் கொழுந்தன்மார் இழுத்த இழுப்பில் அவள் ஒரே வீச்சாக வெளியே வந்து விழுந்தாள்.

இப்படி ஆகும் என்று பயந்து ஆக்சிஜன் சிலிண்டர் தேடிப் போயிருந்த அந்தக் கயிற்றுக்காரர்தான் இப்போது அதோடு வீட்டுக்கு ஓடி வந்தார். அவள் தோள்பட்டையில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக வரி ஓடியிருந்தது.

"தங்கச்சி, ஒண்ணுக்குப் போனியா?"

"வர மாட்டேங்குது அண்ணே. வயித்துக்குக் கீழ எதுவுமே என்னுது மாதிரி இல்ல."

அவர் அவளை நீட்டிப் படுக்கவைத்து முகமூடியை மாட்டினார். லாரி ஓட்டும் அவள் கணவன் பக்கம் திரும்பினார். "தண்டுவடத்துல குமிழி அடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில பிரஷர் சேம்பர் இருக்கு. இப்பவே கிளம்பணும் தம்பி. ஒவ்வொரு நிமிஷமும் கால் போயிட்டிருக்கு."

"சேம்பர்னா?"

"இரும்பு அறை. உள்ள வச்சு அழுத்தம் ஏத்தி, ஆக்சிஜன் குடுத்து, மெல்ல இறக்குவாங்க. கூட ஒரு ஆள் உள்ளயே உக்காந்திருப்பாரு."

"யாரு, நர்ஸம்மாவா?"

கயிற்றுக்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆம்பளை நர்சுதான்."

அவ்வளவுதான். கணவன் வாசலுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டான். அண்ணன் சித்தப்பாவைக் கேட்கச் சொன்னார். சித்தப்பா மச்சானைக் கேட்கச் சொன்னார். அவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் தலையை முழுசாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தியவர் இல்லை. பேசி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. "எதுக்கும் போய்ப் பாருங்க" என்று முடிவாயிற்று. அவளை யாரும் கேட்கவில்லை. வண்டியில் மேலும் இரண்டு மணி நேரம்.

சேம்பர் டாக்டர் ஒரு பெண். ஏழு மாதக் கர்ப்பிணி.

"நான் வெளியில கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே இருப்பேன். வயித்துல குழந்தையோட நான் உள்ள போகக் கூடாது. உள்ள இருக்கப் பயிற்சி எடுத்தவர் இவர் ஒருத்தர்தான்."

நரைத்த தலையோடு நின்ற அந்த ஆண் நர்ஸ், ஏதோ குற்றம் செய்தவரைப் போலத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா நீட்டிய சம்மதப் படிவத்தைக் கணவன் வாங்கவே இல்லை.

"எங்கம்மா கூட இருக்கட்டும்."

"உள்ள ஆக்சிஜன் ஏறி இவங்களுக்கு வலிப்பு வந்தா உங்கம்மா என்ன செய்வாங்க?"

"அஞ்சு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு ஆம்பளையோடயா? நாளைக்குத் தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

டாக்டர் கெஞ்சினார், திட்டினார், மீண்டும் கெஞ்சினார். இரண்டு மணி நேரம் அவன் வராந்தாவில் போனும் கையுமாக நடந்தான். அவனால் நடக்க முடிந்தது.

கடைசியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் முகமூடியைக் கழற்றினாள்.

"நீங்க தலை நிமிர்ந்து நடக்கணும். சரி. நான் நடக்கவே வேணாமா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"அந்தப் பொண்ணு மேல ஆம்பளை கை படக்கூடாதுன்னாங்களே, அவ கழுத்துல நான் பார்த்தேன். ரெண்டு பக்கமும் விரல் பதிஞ்சிருந்துச்சு. எம்மாம் பெரிய விரல் தெரியுமா? அது பட்டப்போ யாரும் போன் போட்டு யாரையும் கேக்கல." குமாஸ்தாவிடம் கையை நீட்டினாள். "அந்தத் தாளை இங்க குடுங்க."

"கணவர்தாம்மா போடணும்..."

"அவங்க தெளிவா இருக்காங்க. அவங்க கையெழுத்தே போதும்," என்றார் டாக்டர். "சட்டம் அதைத்தான் சொல்லுது. நீங்க ஏன் அவர்கிட்ட நீட்டுனீங்க?"

"வழக்கம் மேடம்."

இப்போது விரல்களும் மரத்திருந்தன, பேனாவைப் பிடிக்கவில்லை. முஷ்டியில் இறுக்கிக் கோணல்மாணலாகப் போட்டாள். "அம்மா, நீயாவது சொல்லேன்!" என்றான் கணவன். இரும்புக் கதவு சாத்தப்பட்டதும் மாமியார் அதன் வட்டக் கண்ணாடியருகே போய் நின்றாள். ஐந்து மணி நேரமும் நின்றாள். உள்ளே அந்த நர்ஸ் நோயாளிக்கு முகமூடியைச் சரிசெய்தார், நாடி பார்த்தார், கால் விரலைக் கிள்ளிக் கிள்ளி "தெரியுதாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது.

பதினோரு நாளில் எட்டு முறை அவளை அதற்குள் வைத்தார்கள். சிறுநீர் போக மாட்டியிருந்த குழாயை நான்காம் நாள் எடுத்தார்கள். வலது கால் திரும்பியது. இடது கால் இழுக்கிறது, இனியும் இழுக்கும். கால் விழுந்ததுமே கிளம்பி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் தாளை அவர் எழுதும்போது கணவன் பையோடு பக்கத்தில் நின்றான்.

"கால் விழுந்து ஏழு மணி நேரம் கழிச்சு சிகிச்சை ஆரம்பம். வண்டியில ரெண்டு மணி. மீதி அஞ்சு மணி நேரத் தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

கணவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"எங்க வீட்டுல என் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதுங்க டாக்டர்," என்றாள் அவள்.

டாக்டர் ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். கட்டம் சின்னது, பாதியை ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது.