மணப்பெண்ணின் விசிறி

கனாசாவா ஊரில் அரக்குப் பெட்டியின்மேல் பொன்தூள் தூவ என்னை மிஞ்ச ஆளில்லை. இதை என் மனைவி ஓதோசே சொன்னால் நம்புவீர்கள். அவள் சொல்லமாட்டாள்.

மீன்மண்டி ஓமாசா அம்மாள் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பெட்டி கேட்டிருந்தாள். பெட்டியே பட்டுக் கிமோனோ உடுத்தியதுபோல் இருக்க வேண்டும். கருப்பு அரக்கில் பொன்னலைகள், மூடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழுத்துப்பட்டைகள். ஏற்கெனவே மூன்று பட்டறைகளின் பெட்டிகளைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பியவள். அவள் திருப்பிய பட்டறையில் பிறகு யாரும் கால்வைக்கவில்லை. நாலாவது நான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் வேலை முடிந்தது. ஓதோசே தேநீரோடு வந்து மூடியைப் பார்த்தாள்.

"இது எந்தப் பொணத்துக்குங்க?"

"வாயைக் கழுவுடி!"

"நீங்க கண்ணைக் கழுவுங்க. கழுத்துப்பட்டையில வலப்பக்கம் மேல வந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். உயிருள்ளவர் உடையில் இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கம் மேலே வருவது சவத்துக்கு. வரைதாளின் பின்புறம் அரக்குக் கோடிழுத்து ஒற்றுவதற்குப் பதில் முன்புறம் இழுத்து ஒற்றியிருக்கிறேன். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிட்டது. முப்பது வருடத் தொழில்! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுரண்டினால் அடிப்பூச்சும் போய்விடும்.

"கல்யாணப் பொண்ணு கையில என்ன வெச்சிருப்பா?" என்றாள் ஓதோசே.

"விசிறி."

"அதை விரிச்சு நெஞ்சுமேல வைங்க. அழுவுறதை அப்புறம் வெச்சுக்கலாம்."

பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை மறைத்து, விரிந்த பொன்விசிறி ஒன்றை வரைந்தேன். நல்லவேளை, மழைக்காலம், அரக்கு ஈரத்தில்தான் இறுகும். நாலாம் நாள் காலை பெட்டியைக் கொண்டுபோனோம்.

ஓமாசா அம்மாள் முகர்ந்தாள், தட்டினாள், தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறகு மூடியைச் சாய்த்து, விசிறிக்கு அடியில் எட்டிப்பார்த்தாள்.

"இதுக்குப் பின்னால என்னய்யா இருக்கு?"

நான் துணியை எடுத்து, துடைத்த மூடியையே மறுபடி துடைத்தேன்.

"கல்யாணப் பொண்ணும்மா," என்றாள் ஓதோசே. "வெக்கத்துல மறைச்சுக்கிட்டிருக்கா. மாமியார் வீடு போனப்புறம்தான் விசிறியை எடுப்பா."

ஓமாசா அம்மாள் சிரித்தாள். அந்த ஊரில் அதை முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தான்.

"எம் பொண்ணுக்கு இதுல பாதி வெக்கம் இருந்தாப் போதுமே! சீர் ஊர்வலத்துல இந்தப் பெட்டிதான் முதல்ல போகணும்."

முதலில்தான் போனது. தெருவே கூடிநின்று பார்த்தது. நான் பக்கத்தில் நடந்தேன்.

"நெஞ்சைக் கொஞ்சம் உள்ள இழுங்க," என்றாள் ஓதோசே. "எதிர்ல வர்றவங்க மேல முட்டப்போகுது."

மறுவருடம் போட்டிப் பட்டறைக்காரன் தோகுபேயின் சீர்ப்பெட்டியிலும் கழுத்துப்பட்டைமேல் விசிறி. அதற்கடுத்த வருடம் ஊரெல்லாம் விசிறி. மறைப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமே இல்லை, பாவம்.