களிம்பேறாத காப்பு

தேய்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத செப்புக் காப்பைக் கையில் வைத்துக்கொண்டு துவைகல் பக்கத்தில் குந்தியிருக்கிறாள் ஆவுடையம்மாள், புளிக்கோதும் கல்லுப்பும் கிண்ணத்தில் தொடாமல் கிடக்கின்றன, சாயங்கால வெயில் செம்பில் பட்டு அவள் முகத்திலேயே திருப்பி அடிக்கிறது, குளியலறைக்குள் அவள் புருஷன் குத்தாலிங்கம் மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம், பஸ் ஏறும் முன்பே குளித்துவிட்டு வரும் மனுஷனுக்குத் தென்காசியில் இறங்கியதும் இன்னொரு குளியல் எதற்கு, ஒரு வாரம் முழுக்க ராஜபாளையத்து மில்லின் பஞ்சுத் தூசியிலும் வேர்வையிலும் கிடக்கும் காப்பு என்றால் கறுத்துத்தான் வர வேண்டும், மணிக்கட்டோடு ஒட்டும் இடத்தில் பச்சையாகக் களிம்பு கட்டியிருக்க வேண்டும், அதுதான் செம்பின் குணம், அது பொய் சொல்லாது, இந்தக் காப்போ இன்றைக்குக் கடையிலிருந்து எடுத்து வந்த மாதிரி சிவந்து மினுங்குகிறது, நாளைக்கு அண்ணன் பூதத்தானும் அவன் பெண்டாட்டி செண்பக மதினியும் வருகிறார்கள், ஆவுடையம்மாள் இனி இந்த வீட்டில் இருப்பதா பெட்டியைக் கட்டுவதா என்று பேசி முடிக்க, எல்லாம் இந்த மினுக்கம் செய்த வேலை.

கறுத்து வந்த காலம் ஒன்று இருந்தது, அப்போது மில்லிலேயே தங்கி வேலை பார்ப்பவர் வீடு வரும் சனிக்கிழமை என்றால் அவளுக்கு ஒரு வேலை இருந்தது, மணிக்கட்டு வலிக்கிறது என்று அவர் முனகியபோது சன்னதித் தெருக் கடையில் இதை வாங்கி மாட்டிவிட்டவள் அவள்தான், மூன்று கம்பியை முறுக்கிச் செய்த காப்பு, வலி போனதோ இல்லையோ காப்பு கையோடு தங்கிவிட்டது, வந்ததும் கழற்றிக் கொடுப்பார், அவள் புளிக்கோதில் உப்பைத் தொட்டு முறுக்கு முறுக்காகத் தேய்ப்பாள், தேங்காய் நார் கூடாது, கீறல் விழும், சோப்பு கூடவே கூடாது, கழுவிய கையோடு பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் சொட்டுச் சொட்டாகத் தழும்பு விழுந்துவிடும், கடைசியில் விரல் நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு தடவல், அவ்வளவும் முடிந்து அவர் கையில் மாட்டிவிடும்போது எனக்கென்ன கல்யாணமா என்று அவர் கேலி பேசுவார், பேசட்டும் என்று இருப்பாள், அவளுக்கு அது பிடித்திருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காப்பு வெளுத்து வந்தது, மில்லில் ஏதோ தண்ணீர் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள், அடுத்த வாரமும் அப்படியே, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இது புளி இல்லை, புளியில் தேய்த்த செம்புக்கு ஒரு மங்கல் சிவப்பு இருக்கும், இது ரோஸ் நிறம், எலுமிச்சம் பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் வரும் நிறம், அவள் புளிக்கோதால் எவ்வளவு அழுத்தினாலும் எட்டாத முறுக்கின் உள்ளிடுக்கில்கூட அழுக்கில்லை, எலுமிச்சம் பழம் விற்கிற விலையில் ஒரு காப்புக்கு அதைப் பிழிகிறவள் கொல்லையில் மரம் வைத்திருக்க வேண்டும், சொந்த வீடு, கிணறு, வேலையில்லாத கை, பொறுமைசாலி வேறு, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பாளோ, தேய்த்தவள் ஒழுங்காகத் துடைத்தாளா என்றால் அதுவும் இல்லை, அங்கங்கே தண்ணீர்த் தழும்பு, எண்ணெய்ப் பசை பேருக்கும் கிடையாது, தேய்க்கத் தெரிந்த சிறுக்கிக்குத் துடைக்கத் தெரியவில்லை என்று ஆவுடையம்மாளுக்கு ஒரு அற்ப சந்தோஷம், அந்தச் சந்தோஷம் வந்ததை நினைத்துத்தான் அன்றைக்கு அழுதாள்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சி, மில் சோப்பின் காரவாடை போய் அவர் மேல் மல்லிகைச் சோப்பு மணக்கிறது, அதை யார் வாங்கிக் கொடுத்தது, சனிக்கிழமைக்கென்று அவள் வைக்கும் நெத்திலிக் குழம்பைத் தொடாமல் மோர்ச்சோறு போதும் என்கிறார், அதற்கும் ஸ்பூன் கேட்கிறார், பிறந்ததிலிருந்து கையால் பிசைந்து சாப்பிட்ட மனுஷர், எந்த மேசைநாற்காலிக்காரி கற்றுக் கொடுத்த மரியாதையோ, டிவி பார்க்கும்போது கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு உட்காருகிறார், அவள் பக்கத்தில் போனால் நகருகிறார், காப்பைக்கூட அவளை மாட்டவிடாமல் தானே மாட்டிக்கொள்கிறார், மனசு தாங்காமல் செண்பக மதினியிடம் சொல்லிவிட்டாள், மதினியிடம் சொல்வதும் ஊர்ப் பொதுக்குழாயடியில் சொல்வதும் ஒன்றுதான், தெரிந்தேதான் சொன்னாள், மதினி உடனே கண்டுபிடித்துவிட்டாள், காசுள்ள விதவையாத்தான் இருப்பா, நீ வேணாப் பாரு. அன்றிரவே அண்ணன் காதுக்குப் போய்விட்டது, அதற்கடுத்த வாரம் அவளே நேராகக் கேட்டாள், காப்பை அவர் முன்னால் நீட்டி, இத யாரு தேய்ச்சுத் தாரா. அவர் பதறவில்லை, கோபப்படவில்லை, காப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் என்ன நினைத்துக் கேட்கிறாள் என்பது அவர் முகத்தில் மெல்ல இறங்கியது, பிறகு சிரித்தார், லேசான ஒரு சிரிப்பு, யாரு தேய்ச்சா என்னளா, சுத்தமாத்தான இருக்கு. அந்தச் சிரிப்புதான் அவளைப் பஸ் ஏற்றியது.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மகளைப் பார்க்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள், மகளைக் கட்டிக் கொடுத்த கடையநல்லூர் வந்ததும் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொள்கிறாள், சூப்பர்வைசர் மாமா என்று நாலு பேரிடம் பெருமை பேசும் மருமகன் கண்ணில் பட்டால் என்ன சொல்வது, வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் எலுமிச்சை மரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள், ஒரு வீட்டில் மரமும் இருந்தது, மரத்தடியில் தலை வாரிக்கொண்டு ஒருத்தியும் இருந்தாள், பாவம், அவளை ஆவுடையம்மாள் பஸ் திரும்பும்வரை சபித்துக்கொண்டே போனாள், ராஜபாளையத்தில் இறங்கி மில்லுக்கு நடந்தால் கேட்டில் சங்கிலி, உள்ளே செடி முளைத்துக் கிடக்கிறது, வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார், மில்ல ஆடியிலயே மூடியாச்சேம்மா, சூப்பர்வைசர் வீட்டம்மாவா நீங்க, உங்களுக்குத் தெரியாதா. தெரியும் என்று அவள் ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, தெரியும், இப்ப எங்க இருக்காகன்னுதான் கேக்க வந்தேன். புளியங்குடியில் ஏதோ ஊறுகாய்க் கொட்டகையில் அவரைப் பார்த்ததாகப் பழைய ஆட்கள் சொன்னார்கள் என்றார் வாட்ச்மேன், அப்போதும் அவளுக்குச் சந்தேகம் விடவில்லை, அப்படியானால் அவள் ஊறுகாய்க்காரி, முதலாளி, அதனால்தான் எலுமிச்சை, வந்த வழியே திரும்பிப் போகும் பஸ்ஸில் அந்த முதலாளியம்மாளுக்கு ஒரு மூக்குத்தியும் போட்டுப் பார்த்துவிட்டாள்.

கொட்டகை வாசலில் மூட்டை இறக்கும் லாரி நிற்கிறது, அதன் பின்னால் அவள் நிற்கிறாள், காற்றெல்லாம் எலுமிச்சைப் புளிப்பு, கண் கரிக்கிறது, உள்ளே தரையில் வரிசையாகப் பெண்கள் அரிவாள்மணை போட்டுக் காய் நறுக்குகிறார்கள், வரிசையின் கடைசியில் ஒரே ஒரு ஆம்பிளை, தலையில் துண்டு, குனிந்த முதுகு, அந்த முதுகை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும், ஒரு காயை நாலாகப் பிளந்து உப்பில் புரட்டிப் பானையில் போடுகிறார், அடுத்த காய், சாறு மணிக்கட்டில் வழிந்து காப்பை நனைத்துச் சொட்டுகிறது, வழிகிற கையைத் துண்டில் துடைக்கக்கூட நேரமில்லை, எவளும் இல்லை, மரமும் இல்லை, மடியும் இல்லை, காப்பு தானாகவேதான் வெளுத்துக்கொண்டிருக்கிறது, அவர் ஒரு நிமிஷம் நிறுத்தி விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதினார், ஊதிவிட்டு மறுபடியும் உப்பில் விட்டார். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, அப்பாடா என்று இருந்தது, லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அப்பாடாவை முழுசாக அனுபவித்தாள், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு ஞாபகம் வந்தது, அவள் கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பு, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை, காய் நறுக்குகிறவன் என்று தெரிவதைவிடக் கூத்தியாள் வைத்திருக்கிறவன் என்று அவள் நினைப்பது அவருக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது, அவள் அழுத அழுகையெல்லாம் அந்தக் கௌரவத்துக்குப் போட்ட தீனி, இல்லாத ஒருத்தியின் மேல் இருந்த ஆத்திரம் மொத்தமும் இருக்கிற மனுஷர் மேல் திரும்பியது.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. குத்தாலிங்கம் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருகிறார், மல்லிகைச் சோப்பு முன்னால் வருகிறது, காப்பைத் தேய்க்காமல் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நிற்கிறார், நாளைக்கு அண்ணன் வாரான் என்கிறாள் அவள், தெரியும், ஒன் மதினி போன்ல ஏசுனா என்கிறார். வந்து கேட்டா என்ன சொல்லப் போறிய. என்னத்தச் சொல்ல, ஆமா தப்புதான், இனிமே இல்லன்னு சொல்லிட்டுப் போறேன், வேற என்ன செய்ய. தலையைத் துவட்டும் கை நிற்காமலே சொன்னார், பாடம் பண்ணி வைத்திருந்த மாதிரி இருந்தது. அவ யாருன்னு கேப்பான், ஒரு பேராவது யோசிச்சு வச்சிருக்கியளா. கை நின்றது. அவள் எழுந்துகொள்ளவில்லை, குந்திய இடத்திலிருந்தே சொன்னாள், செவ்வாக்கெழம புளியங்குடிக்கு வந்திருந்தேன், லாரிக்குப் பின்னால நின்னேன்.

அவர் முதலில் செய்தது கைகளைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டதுதான், பிடிபட்ட ஆளின் முகம் அவருக்கு இப்போதுதான் வருகிறது, அத்தனை வாரம் அவள் தேடியும் வராத முகம், பொம்பளையாளுக கூட உக்காந்து காய் நறுக்குதேன்னு மருமகனுக்குத் தெரிஞ்சா அவரு மொகத்துல எப்பிடி முழிப்பேன், இதுக்கு அது தேவலன்னு தோணுச்சு என்று தரையைப் பார்த்துச் சொன்னார். யாருக்குத் தேவல, என்றாள் ஆவுடையம்மாள். நாளைக்கு அண்ணன் வரட்டும், அவன் முன்னால் எவளும் இல்லையென்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், எங்கே வேலை பார்க்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், மதினி நாலு ஊருக்குச் சொல்வாள், சொல்லட்டும், இதெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அந்தக் கையக் காட்டுங்க என்றாள். அவர் துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். காட்டுங்கன்னு சொல்லுதேம்லா. துண்டு மெதுவாக அவிழ்ந்தது, விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் பிளந்து, நகக்கண்ணில் ரத்தம் உறைந்து, உள்ளங்கைத் தோல் உரிந்து போன இரண்டு கைகள், இதை வைத்துக்கொண்டு எப்படிக் குழம்பைத் தொடுவார், எப்படிப் பிசைவார். எரியுது ஆவுடை, என்றார், சின்னக் குரலில், ராத்திரியெல்லாம் எரியுது. அவளுக்குக் கோபம் இன்னும் கொஞ்சமும் அடங்கவில்லை, இன்னும் எத்தனை நாளைக்கு அடங்காதோ தெரியாது, ஆனாலும் கையிலிருந்த காப்பைத் துவைகல்லில் போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.